சீப்பு தோற்கும் ஊரில் நிலைமின்சாரம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு படம் இருக்கும். பையன் தலை சீவுவான், சீப்பைக் காகிதத் துணுக்குகளிடம் கொண்டுபோவான், அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். என் அக்கா மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு நவம்பர் மாலையில், மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதைச் செய்து பார்த்தாள். வெளியே தூறல். தலையில் காலையில் வைத்த தேங்காய் எண்ணெய். அரை மணி நேரம் சீவியும் ஒரு துணுக்குகூட அசையவில்லை. "மாமா, புக்குல பொய் போட்டிருக்காங்க" என்று தீர்ப்பு எழுதிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள்.

புத்தகத்தின் மேல் தப்பில்லை. சென்னைக் காற்றைப் பற்றி அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், அவ்வளவுதான். நிலைமின்சாரத்தை, அதாவது கம்பியில் ஓடாமல் பொருளின் மேலேயே தங்கி நிற்கும் மின்னூட்டத்தை, புதிதாகப் படிக்க வருகிறவர்கள் "அது எப்படி உண்டாகிறது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பாதிக் கேள்வி. செருப்பு தரையைவிட்டு எழும்போதும், சட்டையைக் கழற்றும்போதும், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போதும் அது உண்டாகிக்கொண்டேதான் இருக்கிறது. உண்டானது எந்த வழியாக வெளியேறுகிறது, வழி இல்லாவிட்டால் என்ன செய்கிறது என்பது மீதிப் பாதி. சென்னைவாசிகளுக்கு அந்த மீதிப் பாதிதான் அதிகம் வேலைக்கு ஆகும்.

படி 1: செல்லோடேப்பில் தொடங்குங்கள்

சீப்பை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரு ரோல் செல்லோடேப்பும் ஒரு மேசையும் போதும். புழுக்கமான நாளிலும் இது ஓரளவுக்குக் கைகொடுக்கும் என்பதால் முதலில் வைக்கிறேன்.

ஒரு சாண் நீளத்துக்கு டேப்பை வெட்டி மேசையில் ஒட்டுங்கள். அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் மேல் அதே நீளத்தில் இன்னொரு துண்டை ஒட்டி, பிடிப்பதற்காக ஒரு நுனியை மட்டும் மடித்துவிடுங்கள். இப்போது மேல்துண்டைச் சரக்கென்று உரியுங்கள். பக்கத்திலேயே இதே மாதிரி இன்னொரு ஜோடி ஒட்டி, அதன் மேல்துண்டையும் உரியுங்கள். உரித்த இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு மெல்ல அருகில் கொண்டுவாருங்கள். சொத்துத் தகராறில் இருக்கும் பங்காளிகள் மாதிரி ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போகும்.

அடுத்த ஆட்டம். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஜோடியாகவே கையில் எடுத்து, பசையில்லாத பக்கத்தை விரலால் ஒருமுறை நீவிவிடுங்கள். பிறகு இரண்டையும் வேகமாகப் பிரித்து, மறுபடி அருகில் காட்டுங்கள். இந்த முறை ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

நடந்தது இதுதான். எந்தப் பொருளின் அணுவிலும் நடுவில் நேர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள், சுற்றிலும் எதிர் மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள். இரண்டும் சம அளவில் இருப்பதால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு வேறுவேறு பரப்புகள் ஒன்றையொன்று தொடும்போது, எலக்ட்ரானை இறுக்கிப் பிடிக்கும் பரப்பு மற்றதிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. பிரிக்கும்போது வாங்கியது வாங்கியபடியே நிற்கிறது. ஒரு பக்கம் உபரி, ஒரு பக்கம் பற்றாக்குறை. டேப்பில் ஒன்றின் பசை முகமும் மற்றதன் வழவழப்பான முதுகும் தொட்டுப் பிரிந்ததால், ஒன்று நேர், மற்றது எதிர் ஆயின. முதல் ஆட்டத்தில் இரண்டு மேல்துண்டுகளும் ஒரே மாதிரி உரிக்கப்பட்டதால் இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம், அதனால் விலகல்.

கவனியுங்கள், இதில் தேய்ப்பு எதுவும் இல்லை. உராய்வு மின்சாரம் என்று பெயர் வைத்துவிட்டதால் தேய்த்தால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். தொடுவதும் பிரிப்பதும்தான் காரியம். தேய்ப்பது தொடும் இடங்களை அதிகமாக்குகிறது.

மின்னூட்டத்தில் இரண்டு வகை உண்டு என்று பிரான்சின் துய் ஃபே 1733-ல் கண்டுசொன்னார். நேர், எதிர் என்ற பெயர்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். எது நேர் என்பதை அவர் ஊகமாகத்தான் முடிவு செய்தார். ஜே. ஜே. தாம்சன் 1897-ல் எலக்ட்ரானைக் கண்டபோது, கம்பியில் உண்மையாக ஓடும் துகள் எதிர் வகை என்று தெரிந்தது. அந்த ஊகம் மட்டும் மாறி விழுந்திருந்தால் எலக்ட்ரிகல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தலைவலி குறைந்திருக்கும்.

யார் கொடுப்பார், யார் வாங்குவார் என்பதற்கு ஏறத்தாழ ஒரு வரிசை உண்டு. தோல், தலைமுடி, நைலான், கம்பளி ஆகியவை எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் பக்கம். பாலியெஸ்டர், பாலித்தீன், பி.வி.சி. ஆகியவை வாங்கிக்கொள்ளும் பக்கம். பருத்தியும் காகிதமும் நடுவில். சுத்தம், ஈரம், பரப்பின் தன்மை மாறினால் இந்த வரிசையும் சற்று முன்பின் ஆகும், அதனால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

படி 2: சீப்பை ஏ.சி. அறைக்குள் கொண்டுபோங்கள்

இப்போது சீப்பு. ஷாம்பு போட்டுக் குளித்து நன்றாகக் காய்ந்த, எண்ணெய் படாத தலை. ஒரு மணி நேரமாவது ஏ.சி. ஓடிய அறை. கழுவித் துடைத்த பிளாஸ்டிக் சீப்பு. சீப்பு கிடைக்காவிட்டால் எலக்ட்ரீஷியன் விட்டுப்போன பி.வி.சி. குழாய்த் துண்டை டிஷ்யூ காகிதத்தால் தேயுங்கள். என் அனுபவத்தில் சீப்பைவிட அதுதான் நன்றாக இழுக்கிறது. கடுகளவு காகிதத் துணுக்குகளையும் அதே அறையில் முன்கூட்டியே வைத்திருங்கள், அவையும் காய வேண்டும்.

துணுக்குகள் எழும். ஆனால் துணுக்கில் மின்னூட்டமே இல்லையே, அதை ஏன் சீப்பு இழுக்கிறது? எதிர் மின்னூட்டம் கொண்ட சீப்பு அருகே வரும்போது, காகிதத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் சற்றே பின்வாங்குகின்றன. சீப்பின் பக்கம் நேர், தள்ளி எதிர் என்று துணுக்குக்குள்ளேயே ஒரு பிரிவினை. கிட்டத்தில் இருப்பதன் ஈர்ப்பு, எட்டத்தில் இருப்பதன் விலக்கலைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் கொஞ்சம் ஒரு துணுக்கைத் தூக்கப் போதும்.

பலர் கவனிக்கத் தவறுவது இதற்குப் பிறகு நடப்பது. ஒட்டிய துணுக்குகளில் சில, ஓரிரு நொடியில் விருட்டென்று தெறித்து ஓடும். சீப்பைத் தொட்டதில் அவற்றுக்கும் அதே வகை மின்னூட்டம் ஏறிவிட்டது. இதிலிருந்து ஒரு பாடம்: ஒரு பொருள் இழுக்கப்படுகிறது என்பதை மட்டும் வைத்து அதில் மின்னூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விலகினால்தான் உறுதி.

குழாயைத் திறந்து நூல் மாதிரி மெல்லிய தண்ணீர் விட்டு, அருகே சீப்பைக் காட்டினால் தண்ணீரும் வளையும். கீழே பக்கெட் வைக்காமல் இதைச் செய்யாதீர்கள். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது.

படி 3: மின்னூட்டம் போகும் வழியைப் பாருங்கள்

அப்படியானால் மந்தைவெளிக் கூடத்தில் உண்டான மின்னூட்டம் எங்கே போயிற்று?

ஈரக் காற்று மின்சாரத்தைக் கடத்தும், அதனால் காற்றில் கரைந்துவிட்டது என்று பலர் விளக்குவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. ஈரக் காற்றும் ஏறத்தாழ வறண்ட காற்றைப் போலவே மோசமான கடத்திதான். வேலையைச் செய்வது, பொருட்களின் மேல் படியும் நீர்ப்படலம். காற்றில் ஈரம் ஏறும்போது சீப்பு, முடி, தோல், துணி என்று எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. சுத்தமான நீர் அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் அந்தப் படலத்தில் வியர்வை உப்பு கரைந்திருக்கிறது. கடலோர ஊரில் காற்றோடு வரும் உப்பும் சேர்கிறது. மின்னூட்டம் அந்தப் படலத்தின் வழியே சீப்பிலிருந்து கைக்கும், கையிலிருந்து தரைக்கும் சத்தமில்லாமல் வடிந்துவிடுகிறது. அவள் சீவச் சீவ உண்டாகிக்கொண்டுதான் இருந்தது. உண்டாகும் வேகத்திலேயே ஒழுகியும் போனது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதை. எண்ணெய் வேறு, முடியும் பிளாஸ்டிக்கும் நேராகத் தொடவிடாமல் நடுவில் நின்றது.

ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொறி பறக்கும் அளவுக்குச் சேர்வது கடினம். 40-க்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கிவிடும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி நாம் முதல் வகைதான். அதனால்தான் இங்கிருந்து ஜனவரியில் டெல்லிக்குப் போகிறவர்கள், ஸ்வெட்டர் கழற்றும்போது வரும் சடசட சத்தத்தையும் கைகுலுக்கும்போது வரும் சுரீரையும் கண்டு மிரண்டுபோகிறார்கள்.

இங்கே இரண்டு விதிவிலக்குகள். ஒன்று, மே மாதத்தில் நிலக்காற்று ஓங்கி, கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாட்கள். உதடு காயும் அந்த மத்தியானங்களில் ஈரப்பதம் நன்றாக இறங்கிவிடும். பூங்காவின் பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் இறங்கும் குழந்தையின் முடி குத்திட்டு நிற்பதை அப்போது பார்க்கலாம். முடிகள் அனைத்திலும் ஒரே வகை மின்னூட்டம். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கின்றன. இரண்டாவது விதிவிலக்கு ஏ.சி. அறை. பால்கனியில் ஏ.சி. குழாய்க்கு அடியில் வைத்த பக்கெட் காலையில் நிரம்பியிருக்குமே, அந்தத் தண்ணீர் அறைக் காற்றிலிருந்து பிழிந்து எடுத்தது. ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் நாள் முழுக்க ஓடும் ஏ.சி., தரையெல்லாம் கார்ப்பெட், சக்கரம் வைத்த நாற்காலி, பாலியெஸ்டர் சட்டை, ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ. சென்னைக்குள் ஒரு குட்டி டெல்லி.

வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு மொசைக், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்கும் பழக்கமும் ஒரு காரணம். அந்தத் தரை செம்புக் கம்பி இல்லைதான். ஆனால் நிலைமின்சாரம் வடிந்து போக அந்த அளவுக் கடத்தலே தாராளம்.

படி 4: எவர்சில்வர் தட்டில் பொறி

இது கொஞ்சம் மெனக்கெட வேண்டிய சோதனை, ஆனால் செய்தால் மறக்காது. பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் பலகை ஒன்று, லேசான எவர்சில்வர் தட்டு ஒன்று, கம்பளித் துணி ஏதாவது. தட்டின் உட்பக்கம் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தம்ளரைக் கவிழ்த்து டேப்பால் ஒட்டுங்கள். அதுதான் கைப்பிடி.

தெர்மாகோலைக் கம்பளியால் ஒரு நிமிடம் நன்றாகத் தேயுங்கள். அது எலக்ட்ரான்களை வாங்கி எதிர் மின்னூட்டம் கொள்ளும். தம்ளரை மட்டும் பிடித்துத் தட்டை அதன் மேல் வையுங்கள். தட்டின் விளிம்பை விரலால் தொடுங்கள். சின்னதாக ஒரு டப். பிறகு தம்ளரைப் பிடித்துத் தட்டைத் தூக்கி, விரலை மறுபடி விளிம்பருகே கொண்டுபோங்கள். இன்னொரு டப், விளக்கை அணைத்திருந்தால் ஊதாப் பொறியே தெரியும். தட்டைத் திரும்ப வையுங்கள், தொடுங்கள், தூக்குங்கள், தொடுங்கள். மறுபடி தேய்க்காமலே பல முறை பொறி வரும்.

தெர்மாகோல் மின்கடத்தாப் பொருள். அதன் மின்னூட்டம் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டுக்குப் பெரிதாக எதையும் கொடுக்காது. ஆனால் தட்டில் சுதந்திரமாக ஓடும் எலக்ட்ரான்களை மேல் நோக்கித் தள்ளுகிறது. விரல் வைத்ததும் அவை உங்கள் உடல் வழியே தப்பித்துவிடுகின்றன. முதல் டப் அது. தூக்கும்போது தட்டில் எலக்ட்ரான் பற்றாக்குறை, அதாவது நேர் மின்னூட்டம். விரலை நீட்டியதும் பற்றாக்குறை நிரம்புகிறது. இரண்டாவது டப். ஒவ்வொரு முறையும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பையன் என்னை மடக்கினான். ஈர்ப்பை எதிர்த்துத் தட்டைத் தூக்குகிறதே, அந்தக் கைதான் கொடுக்கிறது. இந்தக் கருவியை 1775-ல் பிரபலமாக்கியவர் வோல்டா. வோல்ட் என்ற அலகுக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே.

படி 5: எது நிலைமின்சாரம், எது கசிவு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். கதவுக் கைப்பிடியில் உங்களுக்குச் சுரீரென்று பட்டது என்றால் உடலில் சில ஆயிரம் வோல்ட் இருந்தது. 10,000 வோல்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? மனித உடல் மின்னூட்டம் சேர்க்கும் பாத்திரம் என்றால் மிகச் சின்னப் பாத்திரம், சுமார் 100 பிக்கோஃபாரட் (மின்னூட்டம் கொள்ளும் அளவைச் சொல்லும் அலகு). 10,000 வோல்ட்டில் அது பிடிப்பது ஒரு மைக்ரோகூலும் மின்னூட்டம். எண்ணிக்கையில் சுமார் 6 லட்சம் கோடி எலக்ட்ரான்கள், கேட்கப் பெரிதாக இருக்கும். ஆற்றலில் பார்த்தால் 5 மில்லிஜூல். ஒரு கிராம் தங்கக் காசை அரை மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல், அவ்வளவே. கண்மூடித் திறப்பதற்கு வெகு முன்பே அது தீர்ந்தும்போகிறது.

வீட்டு இணைப்பில் வெறும் 230 வோல்ட்தான். ஆனால் அது தீராது, பின்னால் மின்நிலையமே நிற்கிறது. வீட்டு மெயின் பெட்டியில் பொருத்தும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பது, அதற்கு மேல் உடலில் ஓடினால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான்.

ஆகவே பிரித்தறியும் வழி. நிலைமின்சாரம் ஒரே ஒரு குத்து. அதோடு சரி, உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. வறண்ட இடத்தில்தான் வரும். கசிவு, அதாவது கருவியின் உடம்புக்குக் கசியும் வீட்டு மின்சாரம், தொட்டிருக்கும் வரை ஜிவ்வென்று இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் அதிகமாகும். மழைக்காலத்தில் கிரைண்டரோ ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ ஷாக் அடிக்கிறது என்றால், அது நிலைமின்சாரமாக இருக்க வாய்ப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி தொட்டுச் சோதிக்க வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். "லேசா ஷாக் அடிக்கும், மரப் பலகை மேல நின்னு மாவாட்டு" என்று பல வீடுகளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சிக்கனம் இல்லை, சூதாட்டம்.

உலோக உடம்பு கொண்ட லேப்டாப், சார்ஜ் ஆகும்போது மணிக்கட்டில் குறுகுறுவென்று ஊறுவது மூன்றாவது வகை. இரண்டு முள் சார்ஜரில் உள்ள மின் இரைச்சல் வடிகட்டியிலிருந்து வரும் மிகச் சிறிய கசிவு அது. சரியான எர்த் உள்ள மூன்று முள் இணைப்பில் போட்டால் நின்றுவிடும்.

படி 6: சுரீரைத் தவிர்க்க

காரில் போகிறவர்களுக்கு: இருக்கையிலிருந்து எழும் முன்பே கதவுச் சட்டத்தின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள், கால் தரையில் ஊன்றும் வரை விடாதீர்கள். சட்டையும் சீட் கவரும் பிரியும் நொடியில் உண்டாவது அப்படியே கார் உடம்புக்குத் திரும்பிவிடும். இறங்கி நின்ற பிறகு கதவைத் தொட்டால்தான் பொறி.

அலுவலகத்தில் கதவுக் கைப்பிடியை விரல் நுனியால் தொடாமல் முதலில் ஒரு சாவியால் தொடுங்கள். பொறி சாவி முனையில் பறக்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சாவி இல்லையென்றால் முழங்கைப் பக்கம். விரல் நுனியில்தான் நரம்பு முனைகள் நெருக்கம்.

சிந்தெடிக் புடவை காலோடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்குகிறது என்றால், கணுக்காலில் கொஞ்சம் மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ தடவுங்கள், உள்பாவாடை பருத்தியில் இருக்கட்டும். அவசரத்துக்கு, ஈரக் கையால் துணியை ஒருமுறை நீவினாலும் போதும்; வழியைத் திறந்துவிடுவதுதான் நோக்கம். பறக்கும் தலைமுடிக்கு மரச்சீப்பு. பாட்டியின் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தியமும் உதவும், முடியும் சீப்பும் நேராகத் தொடவிடாமல் எண்ணெய் நடுவில் நிற்கும்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்

ரிச்சி தெருவில் ராம் (கம்ப்யூட்டரின் நினைவகக் கார்டு) வாங்கிவந்து, வீட்டில் ஏ.சி. அறையில், கட்டில் மேல் போர்வையில் உட்கார்ந்தபடியே பெட்டியைத் திறந்து மாட்டினேன். கம்ப்யூட்டர் மூன்று முறை பீப் அடித்துவிட்டு அமைதியாகிவிட்டது. அது நிலைமின்சாரத்தால்தான் செத்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கொல்வதற்கு நான் எல்லா வசதியும் செய்து கொடுத்திருந்தேன்.

விஷயம் இதுதான்: 3,000 வோல்ட்டுக்குக் கீழே நமக்கு எதுவும் உறைக்காது. சில சில்லுகள் 100 வோல்ட்டுக்கும் குறைவான அடியிலேயே கெட்டுவிடும். நடுவில் உள்ள அந்தப் பெரிய இடைவெளியில் நமக்குத் தெரியாமலே காரியம் கெடுகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் மணிக்கட்டுப் பட்டையும் சிறப்புச் செருப்பும் இல்லாமல் அசெம்ப்ளி வரிசையில் உட்கார முடியாததற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது: கட்டில், சோபா, பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மர மேசை, வெறுங்கால், பருத்திச் சட்டை. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தை அடிக்கடி தொடுங்கள். கார்டை விளிம்பில் பிடியுங்கள், பொன்னிறப் பற்களைத் தொடாதீர்கள். மணிக்கட்டுப் பட்டை வாங்கினால் அதன் கம்பியில் ஒரு மெகா ஓம் மின்தடை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மின்னூட்டம் வடிய அது தடையே இல்லை. ஆனால் தவறி 230 வோல்ட்டில் கை பட்டுவிட்டால் பட்டை வழியாக ஓடுவதைக் கால் மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். வெறும் கம்பியை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கைவைத்தியம் ஆபத்தானது.

கம்ப்யூட்டர் பாகங்களைப் போட்டுத் தரும் பைகளில், ரோஸ் நிறப் பை தானாக மின்னூட்டம் சேர்க்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் அடியைத் தடுப்பது சாம்பல் வெள்ளிப் பை. அந்த வெள்ளிப் பையின் மேல் போர்டை வைத்து பவர் கொடுத்துச் சோதிக்காதீர்கள், அந்தப் பரப்பு ஓரளவு கடத்தும்.

பெட்ரோல் பங்க்

பெட்ரோல் ஆவியும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் கால் மில்லிஜூல் பொறியே பற்றவைக்கப் போதும். மேலே கணக்குப் போட்ட 5 மில்லிஜூலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஓடும்போது குழாயோடு உரசி, தானும் மின்னூட்டம் பெறும். அதனால் டேங்கர் லாரி வந்து நின்றதும் இறக்கும் முன் எர்த் கம்பியை மாட்டுகிறார்கள். நம் பங்குக்கு: காரிலிருந்து இறங்கினால் பெட்ரோல் போட்டு முடியும் வரை ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஜெனரேட்டருக்கு கேனில் வாங்குவதானால் அதற்கென்று உள்ள கேனில், தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி நிரப்பச் சொல்லுங்கள். வண்டிக்குள்ளோ ஸ்கூட்டர் மேலோ வைத்து நிரப்பினால் மின்னூட்டம் போக வழி இல்லை.

ஜெராக்ஸ் கடையும் எண்ணூரும்

தொல்லையாகவே பேசிக்கொண்டிருந்தேன். தெருமுனை ஜெராக்ஸ் கடை ஓடுவதே நிலைமின்சாரத்தில்தான். இயந்திரத்துக்குள் இருக்கும் டிரம்மின் மேற்பூச்சு இருட்டில் மின்கடத்தாது, வெளிச்சம் பட்டால் கடத்தும். பழைய வகை இயந்திரத்தில் முதலில் டிரம் முழுக்க மின்னூட்டம் ஏற்றுவார்கள். உங்கள் ஆதார் அட்டையின் வெள்ளைப் பகுதியிலிருந்து திரும்பும் ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டத்துக்கு வழி திறந்து வடிந்துவிடும். எழுத்து இருக்கும் இடத்தில் இருட்டு. அங்கே மட்டும் தங்கும். அதற்கு மாறான வகை மின்னூட்டம் கொண்ட கரித்தூள் அங்கே போய் ஒட்டும். காகிதத்தின் பின்னாலிருந்து இன்னொரு மின்னூட்டம் தூளைக் காகிதத்துக்கு இழுக்கும், சூடான உருளை உருக்கிப் பதிக்கும். சூடாக வெளிவரும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், கடைக்காரர் அவற்றை விசிறி மாதிரி விரித்துத் தட்டுவதும் மிச்ச மின்னூட்டத்தால். இதை முதலில் செய்து காட்டியவர் செஸ்டர் கார்ல்சன், 1938 அக்டோபர் 22, நியூயார்க்கின் அஸ்டோரியா. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்துத்தான் மின்னூட்டம் ஏற்றினார்.

எண்ணூர்ப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்தில் இதே வேலை பிரம்மாண்டமாக நடக்கிறது. நிலக்கரி எரிந்த புகை, பல ஆயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளுக்கு இடையே போகும்போது சாம்பல் துகள்கள் மின்னூட்டம் பெற்று, பக்கத்துத் தகடுகளில் போய் ஒட்டும். சுத்தியல்கள் தகடுகளைத் தட்ட, சாம்பல் கீழே கொட்டும். செங்கலுக்கும் சிமென்ட்டுக்கும் போகும் உலர்சாம்பல் அப்படிப் பிடித்ததுதான்.

இடி

மேகத்துக்குள் பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் மோதிப் பிரிகின்றன. செல்லோடேப் கதைதான், அளவு மட்டும் வேறு. லேசானவை நேர் மின்னூட்டத்தோடு மேலே போகின்றன, கனமானவை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்குகின்றன. வழி கிடைக்காமல் சேர்ந்து சேர்ந்து கடைசியில் காற்றையே பிளந்துகொண்டு இறங்கும்போது 30,000 ஆம்பியர் அளவில் பாய்ந்து, அந்தப் பாதை ஏறக்குறைய 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. திடீரென்று விரியும் காற்றின் சத்தம்தான் இடி.

இடிதாங்கி என்ற பெயர் அழகானது, கொஞ்சம் ஏமாற்றுவதும்கூட. அது எதையும் தாங்குவதில்லை. தடித்த கம்பி வழியே மண்ணுக்கு அனுப்பிவைக்கிறது. கோபுரக் கலசமே இடியைத் தடுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை இந்தக் கண்ணோடு பாருங்கள். கலசத்திலிருந்து தரை வரை கம்பி இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மணலில் உட்கார்ந்திருக்கும்போது மின்னல் தெரிந்தால் நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். இடிச் சத்தம் 30 நொடிக்குள் கேட்டால் சுண்டல் பொட்டலத்தோடு எழுந்துவிடுங்கள். அந்தத் திறந்த மணலில் உயரமான பொருள் நீங்கள்தான். மரத்தடியும் தார்ப்பாய்க் கடையும் ஒதுங்கும் இடமில்லை. கட்டடத்துக்குள் போங்கள், இல்லையென்றால் கூரையுள்ள காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அதன் உலோகக் கூடு மின்னலை உங்களைச் சுற்றி வெளிப்புறமாகவே கொண்டுபோய்விடும். வீட்டில் என்றால் டிவி, மோடம் இணைப்புகளை முன்கூட்டியே பிடுங்குங்கள், குளியலைத் தள்ளிப்போடுங்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு மறுபடி மணலுக்குப் போகலாம்.